அரைச் சுற்று

பிப்ரவரி 6, செவ்வாய்

எபனேசரின் சைக்கிள் இன்று என் வீட்டுக்கு வந்தது. அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். இறங்கியதும் வலது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். முதுகுப்பையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே புதிய கிராங்க், பெடல் மாட்டும் தண்டு, இரண்டு பல்சக்கரங்களோடு. பெரியதில் 46 பல், சின்னதில் 30. வண்டியில் இப்போது இருப்பவை 52, 36. புதியவை சிறியவை, ஏற்றத்தில் மிதிக்க இலகு. மலை ஏறலாம், ஆனால் கனமான கியரை மிதிக்கக் கூடாது என்று முழங்கால் டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் தேதி எங்கள் குழுவின் கோத்தகிரி ஓட்டம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை. போன வருடம் எபி பாதி மலையில் இறங்கி வண்டியைத் தள்ளினான். இந்த வருடம் கால் தரையில் படாது என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சொன்ன சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டவன்போல நிற்பான்.

"மன்சூர்கிட்ட குடுத்துரலாம்டா சென்னி" என்றான். மன்சூர் எங்கள் எல்லோருக்கும் மெக்கானிக்.

"எதுக்கு? நான் ஒருத்தன் இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"பேப்பர்ல எழுதறவனெல்லாம் ஸ்பேனர் புடிச்சா மன்சூர் என்ன பண்ணுவான்?"

"அவன் செய்தி எழுதட்டும்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 8, வியாழன்

கிராங்க் மாட்டி முடிந்தது. செயினில் இரண்டு கண்ணிகளை எடுத்தேன். அதுவரை எளிது.

சிக்கல் முன் டீரெய்லர். செயினைப் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதற்கும், அங்கிருந்து திரும்பவும் தள்ளுகிற உலோகக் கூண்டு அது. அதன் கீழ் விளிம்பு பெரிய சக்கரத்தின் பற்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். சக்கரம் சிறிதானால் கூண்டும் இறங்க வேண்டும். ஆறு பல் குறைந்திருக்கிறது. கணக்குப்படி பன்னிரண்டு மில்லி இறக்க வேண்டும்.

எபியின் வண்டியில் கூண்டைத் தாங்கும் பட்டை சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டது. அதிலுள்ள துளை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இறங்கும். எட்டு மில்லியில் தட்டி நின்றுவிட்டது. இரண்டு இருக்க வேண்டிய இடைவெளி ஆறு.

மூன்று முறை அளந்தேன். ஆறுதான்.

பிப்ரவரி 10, சனி

மன்சூர் கடைக்குப் போனேன். அளவைச் சொன்னேன். அவர் ஒரு பழைய டயரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இறக்கி மாட்டறதுக்குத் தனியா ஒரு பட்டை இருக்குங்க சார். பெங்களூர்ல சொல்லிவிடணும். பத்து நாள் ஆகும்."

"ஓட்டம் எட்டு நாள்ல."

"அப்ப பழைய கிராங்க்கயே போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. இல்லாட்டி அடுத்த வருசம் போகட்டும். மலை எங்கீங்க போயிறப் போகுது?"

"ஸ்டாண்டுல வெச்சு மாத்திப் பாத்தேன். சுத்தமா மாறுது."

"ஸ்டாண்டுல எல்லாமே சுத்தமாத்தாங்க மாறும். ஏத்தத்துல, ஆள் உக்காந்து அழுத்தி மிதிக்கறப்ப மாத்திப் பாருங்க. அப்பத் தெரியும்."

கிளம்பும்போது ஒரு சின்னப் பொருளைக் கையில் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லை, அலுமினியம். செயின் உள்பக்கம் விழாமல் தடுக்கும் காவல். டீரெய்லரின் போல்ட்டிலேயே சேர்த்து மாட்ட வேண்டும்.

"இதையாச்சும் போட்டு உடுங்க சார்."

பிப்ரவரி 11, ஞாயிறு

காவலை மாட்ட வேண்டுமென்றால் டீரெய்லரின் போல்ட்டை மறுபடியும் கழற்ற வேண்டும். உயரம், கோணம், கேபிள் இழுவை எல்லாம் முதலிலிருந்து. இரண்டு நாள் வேலை.

மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, வியாழன்

காலையில் எபியும் நானும் மருதமலை அடிவாரம் வரை போய்வந்தோம். ஏற்றம் தொடங்கும் முன்பே அவன் சின்னச் சக்கரத்துக்கு மாறிக்கொண்டான். முகம் மலர்ந்துவிட்டது. "எலவம் பஞ்சு மாதிரி இருக்குடா" என்றான். ஒரே ஒரு குறை. மிக இலகுவான கியரில் செயின் கூண்டின் உள்தகட்டில் உரசி கர்ர் கர்ர் என்று சத்தம் வந்தது.

"மலை பூரா இந்தச் சங்கீதத்தக் கேட்டுட்டே ஏறணுமா?"

வீட்டுக்கு வந்து உள்பக்க எல்லைத் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். கூண்டு உள்பக்கமாக எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிற திருகு அது. சத்தம் நின்றது. ஸ்டாண்டில் இருபது முறை மாற்றிப் பார்த்தேன். இருபது முறையும் சுத்தம்.

மன்சூர் போனில் அழைத்தார். எடுக்கவில்லை. பிறகு பேசலாம்.

பிப்ரவரி 17, சனி

மழைச்சட்டை, இரண்டு டியூப், வாழைப்பழம், கடலை மிட்டாய். ஐந்து மணிக்குப் புறப்பாடு.

பிப்ரவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை 8.40. குஞ்சப்பனை சோதனைச் சாவடி தாண்டி மேலே, ஒரு கொண்டை ஊசி வளைவு. எபி எனக்கு முன்னால், முப்பது அடி இருக்கும். சாலையின் இடது ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு மினி பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. முதலில் என்னைத் தாண்டியது. எபியைத் தாண்டும்போது அவன் வலது பக்கமாகச் சாய்ந்தான். ஷூ பெடலில் பூட்டியிருந்தது. காலை ஊன்ற அவகாசம் இல்லை. பஸ்ஸின் பின்படிக்கட்டு அவன் வலது தொடையில் அடித்தது. ஹெல்மெட் தார்ச்சாலையில் மோதிப் பிளந்தது.

பஸ் உடனே நின்றது. டிரைவர் ஓடிவந்தார். பயணிகள் எபியைத் தூக்கிச் சாலையோரம் கிடத்தினார்கள். நான் சைக்கிளை எடுத்து ஓரமாக நிறுத்தினேன்.

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம். தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மதியம் கோவைக்குக் கொண்டுவந்தோம். அவன் மனைவி ரெஜினா மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களேண்ணா, அதுவே கர்த்தர் செஞ்ச உதவி" என்றாள்.

பிப்ரவரி 19, திங்கள்

கோத்தகிரி காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். எஸ்.ஐ. பரிமளா, நாற்பது வயதுக்குள் இருப்பார். கேள்விகள் சுருக்கமாக இருந்தன.

"சைக்கிள்ல எதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா சார்?"

"ஓட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி நானே பாத்து வெச்ச வண்டிங்க."

"நல்ல நிலைமைல இருந்துச்சுன்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க."

கையெழுத்திட்டேன். சைக்கிள் நிலையத்தின் பின்புறம் ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டிரைவர் பெயர் பெள்ளிராஜ், கோத்தகிரி பக்கம் ஹட்டி என்கிற படகர் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். உரிமத்தை வாங்கி வைத்துவிட்டார்கள்.

மாலையில் என் பழைய நாளிதழிலிருந்து, என் இடத்துக்கு வந்திருக்கும் நிருபர் கூப்பிட்டார். போனிலேயே ஐந்து வரி சொன்னேன். 'பின்னால் அதிவேகமாக வந்த மினி பஸ் மோதியதில்...'

"அதிவேகம்னு போடலாமா சார்?"

"போடுங்க. அப்படித்தான் போடுவோம்."

பிப்ரவரி 20, செவ்வாய்

நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

அறுவை சிகிச்சை முடிந்து எபி இன்று தெளிவாகப் பேசினான். தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். சைக்கிள் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடா. வளைவு வந்துச்சு. கியர் மாத்துனேன். அப்பறம் கால் வெறுமனே சுத்துச்சு. அதோட சரி. செயின் கழண்டுச்சா?"

"போலீஸ் வந்தப்ப செயின் மேலதான் இருந்துச்சு."

"அப்ப அந்தப் பஸ்ஸுக்காரந்தான்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிப்ரவரி 24, சனி

டிரைவர் பெள்ளிராஜ் மருத்துவமனைக்கு வந்திருந்தார். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை, கையில் ஒரு பை. உள்ளே கேரட், இலையோடு. ரெஜினா அவரை வார்டுக்குள் விடவில்லை. "மனுசன சாகடிக்கப் பாத்துட்டுக் காய் கொண்டு வந்திருக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் படியிறங்கினார். நான் டீ குடித்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் நேருக்கு நேர்.

"சார், அவரு எப்படி இருக்காரு?"

"பரவாயில்ல."

"இருபத்திரெண்டு வருசமா அதே ரோட்ல ஓட்டறேன் சார். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. ஓனரு வேற டிரைவர ஏத்திட்டாரு. கேஸ் முடியற வரைக்கும் வண்டிப் பக்கமே வராதேன்னுட்டாரு. தீர்ப்பு ஏடாகூடமா ஆச்சுன்னா அப்பறம் லைசென்சே இல்ல. எனக்கு வேற தொழில் தெரியாது சார்."

நான் நகர்ந்தேன். அவர் வழிவிட்டார், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

"அவரு தானா சாஞ்சாரு சார். நான் மூணு அடி ஒதுங்கித்தான் போனேன். கண்ணாடில பாத்துட்டேதான் போனேன்." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்பறம் நீங்க சைக்கிளத் தூக்குனீங்க. செயின் உள்ளுக்குள்ள தொங்கிட்டு இருந்துச்சு. நீங்க குனிஞ்சு மாட்டுனீங்க. நான் பாத்தேன் சார்."

நான் அடுத்த படியில் கால் வைத்தேன்.

"போலீஸ்லயும் சொன்னேன். தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னுட்டாங்க. நீங்க சொன்னா எழுதுவாங்க சார்."

பையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

விழுந்தவனின் வண்டியைத் தூக்கினால் முதலில் செயினைப் பார்ப்பது, கழன்றிருந்தால் மாட்டிவிட்டு நிறுத்துவது: எங்கள் குழுவில் யாராக இருந்தாலும் செய்வார்கள். கை தானாகப் போகும். நான் மாட்டியது அந்தப் பழக்கத்தால்தான்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை கையெழுத்திட்டது எந்தப் பழக்கத்தால் என்று இதில் இல்லை.

முப்பத்து நான்கு வருடம் விபத்துச் செய்தி எழுதினேன். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன். போலீஸ் சொன்னதை எழுதினேன். எந்த டிரைவரையும் போய்ப் பார்த்ததில்லை. கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மினி பஸ் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. என்னை அது தாண்டியபோது ஜன்னலோரப் பயணியின் கம்பளித் தொப்பியின் நிறம்கூடத் தெரிந்தது. நீலம்.

பேனா தேடி இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

மன்சூர் மறுபடியும் அழைத்தார். எடுத்தேன்.

"எபி சாரு விசயம் கேள்விப்பட்டேங்க. பேப்பர்லயும் பாத்தேன்." பின்னால் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம். "அந்தக் காவல் போட்டீங்களா சார்?"

"இல்ல."

காற்றடிக்கிற சத்தம் நின்றது.

"எல்லைத் திருகு?"

"அரைச் சுத்து தளர்த்துனேன். சத்தம் வந்துச்சு."

"சத்தம் வரட்டும்னு உட்டிருக்கலாங்களே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

பிப்ரவரி 28, புதன்

எபியிடம் சொன்னேன்.

காலை பத்து மணி. ரெஜினா கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேரட் பையைப் போலவே இதையும் படியில் நின்று யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக முடியாதா என்று ஒரு கணம் தோன்றியது.

"எபி, செயின் உள்பக்கம் விழுந்திருந்துச்சு. நாந்தான் எடுத்து மாட்டுனேன். இடைவெளி ஆறு மில்லி இருந்துச்சு, உன்கிட்டச் சொல்லல. மன்சூர் ஒரு காவல் குடுத்தாரு, மாட்டல. திருகையும் தளர்த்திட்டேன். பஸ்ஸுக்காரர் மேல தப்பு இல்ல."

ரெஜினாவின் கை நின்றது. எபி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா மாட்டுன?"

"பழக்கம்."

"ரோட்ல மாட்டுனது பழக்கம். நம்பறேன். இங்க படுத்துட்டு நான் கேட்டப்ப சொன்னியே, அது?"

ரெஜினாவின் மடியில் கிடந்த ஆரஞ்சுத் தோலைப் பார்த்தேன்.

"அந்தாளு பேரு என்ன?"

"பெள்ளிராஜ்."

"பேரு தெரியாமயே ஆறு நாளா ஜெபத்துல அந்தாள சபிச்சுட்டு இருந்தேன்டா சென்னி." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். உடலைத் திருப்ப முடியாது, முகத்தை மட்டும்.

நான் எழுந்தேன். வழக்கமாக ரெஜினா லிஃப்ட் வரைக்கும் வருவாள், "போயிட்டு வாங்கண்ணா" என்பாள். இன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கெளம்புங்க" என்றாள். அண்ணாவும் இல்லை.

மார்ச் 1, வெள்ளி

முதல் பஸ்ஸில் கோத்தகிரிப் பாதையில் ஏறினேன். அந்த வளைவில் தார்மேல் எங்கள் ஆம்புலன்ஸ் நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பெள்ளிராஜுக்கு நேற்றே போன் செய்திருந்தேன். காவல் நிலைய வாசலில் அதே சால்வையோடு நின்றிருந்தார்.

எஸ்.ஐ. பரிமளா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. உங்க சொந்த வாக்குமூலமே இருக்கு. இன்னைக்கு வந்து செயின் கழண்டுதுன்னு சொன்னா, டிரைவர் உங்களப் புடிச்சுட்டாருன்னுதான் கோர்ட்ல கேப்பாங்க."

"வண்டிய நீங்களே பாருங்க. ஓட்டிக் காட்டறேன்."

"அது கேஸ் பிராப்பர்ட்டி சார்."

"வெளிய கொண்டு போகல. இந்த வளாகத்துக்குள்ளயே."

யோசித்தார். ஒரு போலீஸ்காரரை அனுப்பி சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னார். பின்புறத்திலிருந்து வாசல் வரை வளாகமே ஒரு சரிவு. கோத்தகிரியில் சமதரை கிடைப்பதுதான் கடினம். கைப்பிடியின் உறை கிழிந்திருந்தது, வலது பெடல் தேய்ந்திருந்தது. மற்றபடி வண்டி ஓடும் நிலையில் இருந்தது. முதலில் கூண்டின் கீழ் அளவுகோலை வைத்துக் காட்டினேன். போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "ஆறு மில்லி மேடம்" என்றார். பிறகு ஏறினேன்.

பெரிய சக்கரத்தில் வைத்துச் சரிவில் மிதித்தேன். நடுவில் கியர் லீவரை அழுத்தினேன். செயின் சின்னச் சக்கரத்தில் போய் அழகாக உட்கார்ந்தது.

இறங்கிவந்து மறுபடியும். மறுபடியும் சுத்தமாக மாறியது.

அப்போது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஒருவேளை செயின் வேறு எதனாலோ விழுந்திருக்கும். ஒருவேளை நான் இல்லை.

"போதுமா சார்?" என்றார் பரிமளா.

பெள்ளிராஜ் வாசற்பக்கமிருந்து சொன்னார். அவர் குரல் அன்றைக்குப் படியில் கேட்டதைவிடத் தாழ்ந்திருந்தது.

"சார், நீங்க கியர் மாத்தறப்ப கால லேசா உட்டுடறீங்க. அவரு அப்படி இல்ல. அவரு சீட்ல இருந்து எந்திரிச்சு நின்னு மிதிச்சாரு. நான் பின்னாடியே வந்தேன்ல."

அவர் சொன்னது சரி. லீவரை அழுத்துகிற கணத்தில் என் கால்கள் தாமாகவே இளகியிருந்தன. ஓட்டத் தெரிந்தவனின் கால்கள். அது எபிக்கு வராது. முழங்கால் வலிக்கும்போது எழுந்து நின்று முழு எடையையும் போடுவான். பதினைந்து வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

"இன்னொரு தடவை" என்றேன்.

சரிவின் அடிக்குப் போனேன். ஏறினேன். பாதி தூரத்தில் எழுந்து நின்றேன். இரண்டு காலிலும் முழு எடையையும் போட்டு மிதித்தேன். விடாமல் மிதித்துக்கொண்டே லீவரை அழுத்தினேன்.

டக் என்று ஒரு சத்தம். கால்கள் வெறுமனே சுற்றின. பிடிக்க எதுவும் இல்லை. எபி விழுந்த பக்கமே, வலது பக்கமாக விழுந்தேன். முழங்கை உரிந்தது.

பெள்ளிராஜ்தான் முதலில் ஓடிவந்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு சைக்கிளை நிமிர்த்தக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

சின்னச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே செயின் தொங்கிக்கொண்டிருந்தது. பரிமளா வந்து பார்த்தார். செல்போனில் நான்கு படம் எடுத்தார். "உக்காருங்க சார், பேப்பர் கொண்டு வர்றேன். மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று உள்ளே போனார்.

அவர் திரும்பி வரும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். செயின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டேன்.